மூன்றாம் தாலாட்டு

“அதை அப்படியே ஒரு மெயில்ல எழுதி அனுப்பிடுங்க சார்.”

நான் இதைச் சொன்னது ஆபீஸின் கண்ணாடி அறைக்குள் வைத்து. எதிரில் உட்கார்ந்திருந்த டீம் லீடு, பேனாவை மூடுவதா திறப்பதா என்று தெரியாமல் மூடித் திறந்து மூடினார். பக்கத்தில் இருந்த எச்.ஆர். மேடம் முகத்தில் அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே நின்றது, கழற்ற மறந்த மாதிரி.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பக்கத்து சீட்டு அண்ணன் எனக்குச் சொல்லியிருந்தார். “இங்க என்ன வேணும்னாலும் கேளு. லீவு கேளு, சீட்டு மாத்திக் கேளு, புது ஹெட்செட் கேளு, கிடைக்காது, ஆனா கேளு. வாயால சொன்னத எழுத்துல குடுங்கன்னு மட்டும் எவன்கிட்டயும் கேட்டுடாத. அன்னைக்கோட உன் கதை முடிஞ்சுது.” ஒன்பது வருஷமாக ஒரே நாற்காலியில் இருப்பதால் அவருக்குப் பசை அண்ணன் என்று பெயர். ஒட்டிக்கொண்டிருக்கும் கலை தெரிந்தவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

“எதை எழுதி அனுப்பணும்?” என்றார் டீம் லீடு.

“ரெண்டு விஷயம் சார். போன மாசம் க்ளையன்ட் வந்த அன்னைக்கு, இருக்கற எல்லா டிக்கெட்டையும் தூங்கப் போடச் சொன்னீங்களே, அது ஒண்ணு. இப்ப இந்த ஃபார்ம்ல கையெழுத்து போட்டா என் வேலைக்கு எதுவும் ஆகாதுன்னீங்களே, அது இன்னொண்ணு.”

“என்னம்மா, என்னையே மிரட்டுறியா?”

“மெயில் கேட்டா மிரட்டலா சார்?”

தளத்தில் எல்லோரும் அவரைப் பச்சை என்றுதான் சொல்வோம், அவர் காதில் விழாமல். காலையில் வந்ததும் வணக்கம் கிணக்கம் எல்லாம் கிடையாது. “பச்சையா இருக்கா?” என்பதுதான் முதல் கேள்வி. சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. எங்களிடம் வரும் ஒவ்வொரு புகாரும், அதாவது ஒவ்வொரு டிக்கெட்டும், அதில் ஒரு கட்டம். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் முடித்தால் பச்சை. தாண்டினால் சிவப்பு. அதே திரை, அதே நேரத்தில், கடல் தாண்டி இருக்கிற க்ளையன்ட் அலுவலகச் சுவரிலும் ஓடும். எங்கள் க்ளையன்ட் வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் மருத்துவக் கருவிகள் விற்கிற கம்பெனி. அவர்களுடைய புகார்களை அவர்கள் பெயரில் நாங்கள் வாங்கி, படித்து, பதில் எழுதி, உதிரி பாகம் அனுப்ப ஆணை போட வேண்டும். வாடிக்கையாளருக்கு நாங்கள் இருப்பதே தெரியாது.

நாற்பது பேர் செய்ய வேண்டிய வேலையைப் பதினெட்டுப் பேரை வைத்து முடிப்பதாகக் கம்பெனி ஒப்பந்தம் போட்டிருந்தது. மீதி இருபத்திரண்டு பேருடைய வேலையைத் தாலாட்டு பார்த்துக்கொண்டது.

தாலாட்டு என்றால் பாட்டு இல்லை. மூன்று ரெடிமேட் கடிதங்கள். ஒன்றாம் தாலாட்டு: தங்கள் முகவரியை உறுதிப்படுத்தவும். இரண்டாம் தாலாட்டு: தங்கள் குறையை இன்னும் விரிவாக விளக்கவும். மூன்றாம் தாலாட்டு: தங்களுக்கு மேலும் சிறப்பாகச் சேவை செய்ய, கருவியின் வரிசை எண்ணை உறுதிப்படுத்துமாறு அன்புடன் வேண்டுகிறோம். முகவரியும் குறையும் வரிசை எண்ணும் முதல் கடிதத்திலேயே வந்திருக்கும். அதனால் என்ன? நாங்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் டிக்கெட் ‘வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருக்கிறது’ என்ற நிலைக்குப் போய்விடும். கடிகாரம் நின்றுவிடும். கட்டம் பச்சையாகவே தூங்கும். அவர்கள் பதில் எழுதினாலும், நாமாக எழுப்பும் வரை அது எழாது.

“அதுக்கு ஒரு தாலாட்டு பாடித் தூங்கப் போடு” என்று பச்சை சொல்வார். சிரித்துக்கொண்டே போடுவோம். நானும் சிரித்தேன். இதில் நான் உத்தமி ஒன்றும் இல்லை.

அப்படி நான் தூங்கப் போட்ட ஒன்றுதான் இப்போது மேஜை மேல் ஃபார்மாக வந்து உட்கார்ந்திருந்தது. தூங்கும்போது மூச்சு அடைபடாமல் காற்று தரும் கருவி. அதன் குழாய் கிழிந்துவிட்டது, வேறு குழாய் வேண்டும் என்று ஒரு அம்மா தன் கணவருக்காக எழுதியிருந்தார். இரண்டே நிமிட வேலை. க்ளையன்ட் பெரியவர் தளத்தைச் சுற்றிப் பார்க்க வந்த அன்று பச்சை வரிசை வரிசையாக ஓடி, “எல்லாத்தையும் மூணாம் நம்பர் போட்டு அமுக்குங்க, ஒரு சிவப்பு கண்ணுல படக் கூடாது” என்றார். நான் அமுக்கினேன். பத்தொன்பது நாளாகியும் அது எழவில்லை. அந்த மனிதரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மகனோ மருமகனோ க்ளையன்டுக்கு நேராகக் கடிதம் போட, க்ளையன்ட் எங்களைக் கேட்க, கம்பெனி என்னைக் கேட்டது.

கேட்டது என்பது கூடத் தப்பு. ஃபார்மில் பதிலை அவர்களே அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். ‘மூல காரண ஆய்வு’ என்று தலைப்பு. ஐந்து ‘ஏன்’. ஏன் குழாய் போகவில்லை? ஆணை போடவில்லை. ஏன் போடவில்லை? டிக்கெட் காத்திருப்பில் இருந்தது. ஏன் இருந்தது? தேவையில்லாத கேள்வி கேட்கப்பட்டது. ஏன் கேட்கப்பட்டது? ஊழியர் நடைமுறையை மீறினார். ஏன் மீறினார்? தனிப்பட்ட கவனக்குறைவு. கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

“சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா” என்றார் எச்.ஆர். மேடம். “நீ போடு. ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், ஆறு மாசத்துல ஃபைல்ல இருந்தே எடுத்துடுவோம். போடலைன்னா விசாரணை, அது இதுன்னு இழுக்கும். அப்புறம் ரிலீவிங் லெட்டர் குடுக்கறது எங்க கையில இல்ல.”

ரிலீவிங் லெட்டர். இவள் எங்களிடம் ஒழுங்காக வேலை பார்த்து ஒழுங்காக வெளியே போனாள் என்று ஒரு காகிதம். அது இல்லாவிட்டால் இதே மாதிரிப் பெரிய கம்பெனி எதுவும் உள்ளே விடாது. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அப்பா சரக்கு வேன் ஓட்டுகிறார். அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. எங்களுக்குச் சிபாரிசு செய்ய ஒரு மாமாவோ சித்தப்பாவோ எந்த ஆபீஸிலும் இல்லை. அந்தக் காகிதம்தான் எனக்கு மாமா. மேடத்துக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

“நாம எல்லாம் ஒரு குடும்பம்மா” என்றார் கடைசியாக.

“எங்க குடும்பத்துல சண்டைன்னா தட்டு பறக்கும் மேடம். ஃபார்ம் வராது.”

பச்சை எழுந்துவிட்டார். “நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் டைம். போய் வீட்ல பெரியவங்களக் கேட்டுட்டு வா.”

கேட்டேன். அவர் சொன்னதற்காக இல்லை. இதைத் தனியாகத் தூக்கிச் சுமக்க முடியவில்லை.

அப்பா வாசலில் வேனின் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, “போட்டுடு” என்றார்.

“என்னப்பா, கேட்ட உடனே?”

“பின்ன? நான் ஓட்டுற வேன்ல முதலாளி லோடை ஏத்துவாரு, எடை மீறிப் போச்சுன்னா போலீஸ் என்னத்தான் திட்டுவான். நான் என்ன, முதலாளி சொன்னாருன்னு எழுதி வாங்கிக்கிட்டா வண்டி எடுக்கறேன்? எத்தனை இடத்துல எத்தனை சாரி சொல்லியிருப்பேன். நாக்கு தேஞ்சா போச்சு?”

“அதுக்குத்தான் என்னைப் படிக்க வச்சியா?”

“இந்த எகத்தாளத்துக்கு வைக்கல. ஏசியில உக்காரத்தான் வச்சேன். ஒரு கையெழுத்துல உன் மானம் போயிடுமா?”

“போயிடும்பா.”

அப்பா துணியை உதறிய உதறலில் பக்கத்தில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. “நல்லா பேசற. பேச்சுக்குத்தான் டிகிரி குடுத்திருக்கானுங்க போல.”

அம்மா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க ஊரார் படுத்த போர்வைகளை மடித்துவிட்டு வந்து எங்கள் துணிகளையும் மடிப்பவள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும், “அந்த மனுஷன் பொழச்சிட்டாரா?” என்றாள்.

“யாரு?”

“யாரா? மூச்சு முட்டினவரு. அவருக்கு என்னாச்சு?”

எனக்குத் தெரியவில்லை.

மூன்று நாளாக இதே பேச்சு. பச்சையோடு ஒரு மீட்டிங், மேடத்தோடு ஒரு மீட்டிங், இருவரோடும் ஒரு மீட்டிங். டிக்கெட் நம்பர் தெரியும். எத்தனை மணி நேரம் தாண்டியது என்று தெரியும். க்ளையன்டின் கோபம் எந்த அளவில் இருக்கிறது என்றுகூடத் தெரியும், அதற்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை நம்பர் வைத்திருக்கிறார்கள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று அந்த அறையில் ஒருத்தரும் கேட்கவில்லை. நான் உட்பட. என் பெயர், என் லெட்டர், என் கையெழுத்து என்று நானும் என்னையே சுற்றிக்கொண்டிருந்தேன்.

“தெரியலம்மா.”

அம்மா என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத விருப்பமில்லை. மடித்த சேலையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். “மொதல்ல அதத் தெரிஞ்சுக்க. அப்புறம் எந்தக் காகிதத்துல வேணா போடு, போடாம இரு.”

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஆபீஸ் போய்விட்டேன். தரை துடைக்கும் அக்கா மட்டும் இருந்தாள். “என்ன, வீட்ல தண்ணி வரலியா?” என்று கேட்டாள்.

டிக்கெட்டைத் திறந்தேன். அந்த அம்மாவின் பதில்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. முதல் பதிலில் வரிசை எண்ணைத் தட்டச்சு செய்திருந்தார். தூங்கும் டிக்கெட்டுக்குப் பதில் வந்தால் கம்ப்யூட்டர் தானாக அதே தாலாட்டைத் திரும்பப் பாடும், அப்படி ஒரு ஏற்பாடு. பாடியிருந்தது. இரண்டாவது பதிலில் கருவியின் அடிப்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். மறுபடி தாலாட்டு. மூன்றாவதில் அதே படம், இன்னும் கிட்டத்தில். ‘முந்தைய படம் மங்கலாக இருந்ததோ என்னவோ, மன்னிக்கவும். குழாயை இப்போதைக்கு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.’ மறுபடி தாலாட்டு.

கடைசிப் பதில் நான்கு நாள் முன்னால் வந்தது. ‘அவரை வார்டில் சேர்த்திருக்கிறோம். கண் திறக்கிறார், இன்னும் பேசவில்லை. நான் ஆஸ்பத்திரியில் இருப்பதால் கருவி பக்கத்தில் இல்லை. வரிசை எண்ணை மறுபடியும் அனுப்ப வேண்டுமா? வேண்டும் என்றால் வீட்டுக்குப் போய் எடுத்து அனுப்புகிறேன்.’

கீழே: தங்களுக்கு மேலும் சிறப்பாகச் சேவை செய்ய.

அழுதேனா என்றால் இல்லை. காது இரண்டும் சூடாகிவிட்டன. அவ்வளவுதான். அதற்கு மேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

முதலில் குழாய்க்கு ஆணை போட்டேன், அவசரம் என்று குறித்து. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு பதில் எழுதினேன். ரெடிமேட் கடிதத்தை அழித்துவிட்டு எழுதியதால் வார்த்தை வரவே நேரம் பிடித்தது. இரண்டு வருஷமாகச் சொந்தமாக ஒரு வரிகூட எழுதாத கை.

‘அம்மா, வரிசை எண் வேண்டாம். நீங்கள் முதல் நாளே அனுப்பிவிட்டீர்கள். படமும் தெளிவாகத்தான் இருந்தது. எங்கள் நேரக்கணக்கு கெட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டோம். அப்படிச் செய்யச் சொன்னார்கள், செய்தது நான். குழாய் இன்று கிளம்புகிறது. உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. அவர் பேசினால் இந்த முகவரிக்கு எழுத வேண்டாம், இங்கே யாரும் படிக்க மாட்டார்கள். என் சொந்த முகவரியைக் கீழே தருகிறேன்.’

கையெழுத்து இடத்தில் ‘வாடிக்கையாளர் சேவைக் குழு’ என்று இருந்தது. அதை அழித்துவிட்டு என் பெயரை, அப்பா பெயரின் முதலெழுத்தோடு, முழுசாக எழுதினேன்.

என் பெயரில் இன்னும் அறுபத்திரண்டு டிக்கெட்டுகள் தூங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எழுப்பினேன். பதில் வந்த தேதியைச் சரியாகப் போட்டேன், கடிகாரம் அந்தத் தேதியிலிருந்து ஓட ஆரம்பித்தது. வேண்டியவர்களுக்கு வேண்டியதை அனுப்ப ஆணை போட்டேன். சர்க்கரை பார்க்கும் கருவிக்குப் பட்டை. காது கருவிக்கு பேட்டரி மூடி. சக்கர நாற்காலிக்கு ஒரு திருகாணி, ஒரே ஒரு திருகாணி, முப்பத்தொரு நாளாக. குறிப்புப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் ஒரே வரி: ‘வாடிக்கையாளர் பதில் தந்துவிட்டார். தாமதம் நம்முடையது.’

ஒன்பதரைக்குப் பசை அண்ணன் வந்தார். பையை வைக்கப் போனவர் வைக்காமலே நின்றார். சுவரில் என் வரிசை முழுக்கச் சிவந்திருந்தது.

“ஏய், என்ன பண்ற?”

“எழுப்புறேன்ணே.”

“என் டிக்கெட்டத் தொட்டுடாத தாயே. வீட்டுக் கடன் இருக்கு.”

“தொடல. என்னோடது மட்டும்தான்.”

அவர் உட்கார்ந்தார். எழுந்தார். தண்ணீர் குடித்தார். “நேத்து எழுத்துல கேட்டியாமே?”

“ஆமாண்ணே.”

“குடுத்தானுங்களா?”

“இல்ல.”

“நான்தான் சொன்னேன்ல” என்றார். குரலில் மட்டும் ஏனோ முதல் வாரத்துத் தெம்பு இல்லை. அதன் பிறகு என் பக்கம் திரும்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சை பத்து மணிக்கு வழக்கம்போலக் கதவைத் திறந்துகொண்டே, “பச்சையா இருக்கா?” என்றார்.

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். தளத்தில் ஒருத்தர் மட்டும் பொறுக்க முடியாமல் களுக்கென்று சிரித்தார்.

அடுத்த ஐந்தாவது நிமிடம் நான் கண்ணாடி அறையில் இருந்தேன். அவருடைய போன் மேஜையில் அடித்துக்கொண்டே இருந்தது, கடல் தாண்டிய க்ளையன்ட்தான். எடுக்கவில்லை. மேடத்துக்கு அன்று சிரிப்பும் இல்லை. என் கடிதத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார்.

“என்ன பண்ணி வச்சிருக்கன்னு தெரியுதா உனக்கு? நம்ம தப்புன்னு வாடிக்கையாளருக்கு எழுத்துல குடுத்திருக்க!”

“நேத்து நீங்கதானே மேடம் தப்ப ஒத்துக்கச் சொன்னீங்க?”

“அது எங்ககிட்ட! ஃபார்ம்ல!”

“உங்களுக்கு நான் என்ன பண்ணேன்? யாருக்குப் பண்ணேனோ அவங்ககிட்ட ஒத்துக்கிட்டேன்.”

பச்சை மேஜையைத் தட்டினார். “பெரிய அரிச்சந்திரி! உன்ன மாதிரி ஆயிரம் பேரு வெளிய நிக்கிறாங்க இந்த சீட்டுக்கு. எங்கிருந்து வந்தன்னு மறந்துபோச்சா? இன்டர்வியூவுல ஒரு வாக்கியம் கோர்வையா பேச வரல உனக்கு. நான்தான் பாவம் பாத்து எடுத்தேன்.”

“நல்லா ஞாபகம் இருக்கு சார். வேன் ஓட்டுறவர் வீட்ல இருந்து வந்தேன். எங்கப்பா பொருள டெலிவரி பண்ணாம டெலிவரி ஆச்சுன்னு சொன்னா அடி விழும். இங்க அதுக்குக் கேடயம் குடுக்கறீங்க. போன வருஷம் உங்களுக்குக் குடுத்தாங்களே, நாங்க எல்லாம் கை தட்டினோமே.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, நேற்றென்றால் பயந்திருப்பேன்.

மேடம் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். குரலை இறக்கினார். “கோவத்துல முடிவு எடுக்காதம்மா. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. உடம்பு சரியில்ல, மன அழுத்தத்துல பண்ணிட்டேன்னு ரெண்டு வரி எழுது. க்ளையன்ட்டுக்கு நாங்க சொல்லிக்கறோம். ஃபார்ம்ல கையெழுத்து போடு. லெட்டர் பத்திரமா உன் கைக்கு வரும், அதுக்கு நான் பொறுப்பு.”

பழைய ஃபார்மைத் திருப்பி என் முன்னால் வைத்தார். பேனாவையும் மூடி கழற்றி வைத்தார். நல்ல பேனா, கம்பெனிப் பெயர் பொறித்தது.

“எனக்கு உடம்பு நல்லா இருக்கு மேடம். உடம்பு சரியில்லாதவரு வார்டுல இருக்காரு. அவரு எப்படி இருக்காருன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா?”

மேடம் பச்சையைப் பார்த்தார். பச்சை போனைப் பார்த்தார்.

“கண்ணு திறக்கறாரு. பேச்சு இன்னும் வரல” என்றேன். “அஞ்சு ஏன் போட்டிருக்கீங்க, அவரப் பத்தி ஒரு வார்த்தை இதுல இல்ல. இதுல என் பேரு இருக்கக் கூடாது.”

ஃபார்மை எடுத்து என் பெயர் இருந்த கீழ்ப்பகுதியை மட்டும் கிழித்தேன். கோணலாகத்தான் கிழிந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தபோது அதன் கயிறு என் பின்னலில் மாட்டிக்கொண்டது. கோபமாக எழுந்து போகும்போது இப்படி ஒன்று நடக்கத்தான் செய்யும். மேடமே எட்டிப் பிடித்து எடுத்துவிட்டார். தேங்க்ஸ் சொன்னேன், பழக்கதோஷம்.

“ரிலீவிங் லெட்டர் கிடைக்காது” என்றார் பச்சை. “எந்த பெரிய கம்பெனியிலயும் நீ கால் வைக்க முடியாது. யோசிச்சுக்கோ.”

“யோசிச்சுட்டுதான் சார் காலையில ஏழு மணிக்கு வந்தேன்.”

தளம் வழியாக நடந்தேன். பதினேழு பேரும் தலையைக் குனிந்து வேலை செய்வது போலப் பாவனை செய்தார்கள். வாசல் காவலர் எழுந்து நின்று, “ஷிஃப்ட் நடுவுல போறதுன்னா மேலதிகாரி சீட்டு வேணுமேம்மா” என்றார். பாவம், அவருடைய வேலை அவருக்கு.

“வேலைய விட்டுட்டேன்ணே.”

“ஐயையோ. அதுக்கு என்ன சீட்டுன்னு எனக்குத் தெரியாதே.” நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் நிஜமாகவே அதற்கு ஒரு பத்தி இல்லை. “காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்னன்னு எழுத?”

“உங்களுக்குத் தோணுறத எழுதிக்கங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, அவர் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தேன்.